வீட்டிலும் அரசிலும் பொறுப்புக் கேட்டவர்: சேத்தூர் சங்கரன் நாயர்

2025ஆம் ஆண்டில் வெளியான ‘கேசரி: அத்தியாயம் 2’ என்னும் இந்தித் திரைப்படத்தால் சேத்தூர் சங்கரன் நாயரின் பெயரைப் பலரும் முதன்முறையாகக் கேட்டனர். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்காக டயரை எதிர்த்து வாதாடிய வழக்கறிஞராக அப்படம் அவரைக் காட்டுகிறது. வரலாறு வேறு. நிகழ்ந்த வழக்கில் அவர் வாதாடவில்லை, பிரதிவாதியாக நின்றார். வழக்கு நடந்தது லண்டனில். தோற்றவரும் அவரே. அத்தோல்வியின் பெருமையை உணர, அவர் அதற்கு முன்பு தொடுத்த வேறொரு போராட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். அது குடும்பத்தைப் பற்றியது.

1857 ஜூலை 11 அன்று பாலக்காட்டை அடுத்த மங்கரையில் பிறந்தவர் சங்கரன் நாயர். அன்றைய பாலக்காடு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதனால் சென்னை மாநிலக் கல்லூரியும் சென்னை உயர் நீதிமன்றமுமே அவருடைய பொதுவாழ்வின் களங்களாயின. 1880இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்ட அவர், 1897இல் அமராவதியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். பின்னர் அட்வகேட் ஜெனரலாகவும், 1908 முதல் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கினார். ஆஷ் கொலை வழக்கை விசாரித்த மூவர் அமர்வில் அவரும் ஒருவர்.

அவர் பிறந்த சமூகம் மருமக்கள்தாய முறையைப் பின்பற்றியது. சொத்து தாய்வழித் தரவாட்டுக்கு உரியது. அதை ஆள்பவர் காரணவர். ஆண் தன் சகோதரியின் பிள்ளைகளுக்கே கடமைப்பட்டவன். அவன் ‘சம்பந்தம்’ கொண்ட பெண்ணுக்கும் அவள் பெற்ற பிள்ளைகளுக்கும் அவன்மீது சட்டப்படி எவ்வித உரிமையும் இல்லை. ஆங்கிலேய நீதிமன்றங்கள் சம்பந்தத்தைத் திருமணமாகவே ஏற்கவில்லை. நாயரின் ‘சேத்தூர்’ என்னும் பெயரே தாயின் தரவாட்டுப் பெயர்தான்.

1890இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் மலபார் திருமண மசோதாவைக் கொண்டுவந்தார். அதன் விளைவாக 1891இல் டி. முத்துசாமி ஐயர் தலைமையில் அமைந்த ஆணையத்தில் அவரும் இடம்பெற்றார். மற்றோர் உறுப்பினர் ‘இந்துலேகா’ நாவலை எழுதிய ஓ. சந்து மேனோன். சம்பந்தம் ஏற்கெனவே முறையான திருமணமே, அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை என்பது மேனோனின் கருத்து. சட்டம் ஏற்காத உறவில் கைவிடப்பட்டவர்களுக்கு வழக்கம் துணை நிற்காது என்பது நாயரின் நிலைப்பாடு. 1896இல் சட்டம் நிறைவேறியது. சம்பந்தத்தைப் பதிவு செய்தால் மனைவி மக்களுக்குப் பராமரிப்பு உரிமை உண்டு. கணவன் உயில் எழுதாமல் இறந்தால் அவனுடைய தன்தேட்டத்தில் பாதி அவர்களைச் சேரும்.

ஆனால் பதிவு செய்ய முன்வந்தவர் மிகச் சிலரே. சம்பந்தத்தைப் பொதுவாகத் திருமணமாக ஏற்ற சென்னை மருமக்கள்தாயச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1933இல். நாயர் மறைவதற்கு ஓராண்டு முன்னர். நாஞ்சில் நாட்டில் இதே முறையின் துயரைக் கவிமணி ‘மருமக்கள்வழி மான்மியம்’ என அங்கதமாக எழுதியதைத் தமிழ் மாணவர்கள் அறிவர்.

இச்சீர்திருத்தத்தைப் புகழ்ந்து மட்டும் கடந்துவிட இயலாது. மருமக்கள்தாயத்தின் சிதைவை ஆராய்ந்த ஜி. அருணிமா, தந்தைக்குச் சட்டத் தகுதி கிடைத்தபோது தரவாட்டில் பெண்கள் பெற்றிருந்த இடம் சுருங்கியதைச் சுட்டுகிறார். அவர் தம் நூலுக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்டது ரவிவர்மாவின் 1893ஆம் ஆண்டு ஓவியத்தின் பெயரை. குழந்தையை ஏந்திய தாய், ‘இதோ அப்பா வருகிறார்’ எனக் காட்டுகிறாள். அப்பா ஓவியத்துக்குள் இல்லை. மசோதாவுக்கும் சட்டத்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகளின் மனநிலையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் ஆவணத்தை நான் கண்டதில்லை. வரப்போகும் தந்தை பொறுப்போடு வருகிறாரா, அதிகாரத்தோடு வருகிறாரா என்பதே கேள்வி. நாயர் பொறுப்பைக் கேட்டார். சட்டம் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்தது.

இதே கேள்வியை அவர் பேரரசிடமும் கேட்டார். 1919இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த ஒரே இந்தியர் அவர். பஞ்சாபில் நிகழ்ந்த படுகொலையையும் இராணுவச் சட்டக் கொடுமைகளையும் எதிர்த்துப் பதவி விலகினார். 1922இல் ‘காந்தியும் அராஜகமும்’ என்னும் ஆங்கில நூலை எழுதினார். அது ஒத்துழையாமை இயக்கத்தை எதிர்த்து எழுந்த நூல். ஆயினும் பஞ்சாபின் கொடுமைகளுக்கு முன்னாள் துணைநிலை ஆளுநர் மைக்கேல் ஓட்வயரே பொறுப்பு என அதில் எழுதியதற்காக, ஓட்வயர் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார்.

1924இல் ஐந்து வாரங்கள் விசாரணை நடந்தது. சென்னையின் முன்னாள் தலைமை நீதிபதி வால்டர் ஷ்வாபே நாயருக்காக வாதாடினார். நீதிபதி மெக்கார்டி, டயரின் செயல் சரியே என வெளிப்படையாகக் கூறினார். பன்னிரு ஜூரிகளில் பதினொருவர் ஓட்வயர் பக்கம் நின்றனர். மாறுபட்டவர் அரசியல் அறிஞர் ஹெரால்டு லாஸ்கி மட்டுமே. 500 பவுண்டு இழப்பீடும் வழக்குச் செலவும் நாயர்மீது விழுந்தன. மன்னிப்புக் கேட்டால் அத்தொகையை விட்டுவிடுவதாக ஓட்வயர் தரப்பு கூறியது. நாயர் மறுத்துப் பணத்தைச் செலுத்தினார்.

கணவன் மனைவிக்கும் பிள்ளைக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆளுநர் தாம் ஆண்ட மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இவ்விரண்டையும் வழக்கத்திடமோ கருணையிடமோ விடாமல் சட்டத்திடம் ஒப்படைக்க விரும்பியதே அவருடைய வாழ்வின் ஒருமை என்று கருதுகிறேன். திரைப்படம் நீதிமன்றத்தை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுவிட்டதால் அந்த ஒருமை மறைந்துபோனது.

1934 ஏப்ரல் 24 அன்று அவர் மறைந்தார். தந்தைக்காகச் சட்டம் கேட்டவரின் மகன் ஆர். எம். பாலாட், தாயின் தரவாட்டுப் பெயரையே தாங்கி அரசியலில் அறியப்பட்டார். அவருடைய வரலாற்றை எழுதியவரோ மகளின் கணவரும் சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலருமான கே. பி. எஸ். மேனன். மருமகன் என்னும் சொல் சகோதரியின் மகனையும் குறிக்கும், மகளின் கணவனையும் குறிக்கும். பழைய முறையில் சொத்துக்கு வாரிசு முதலாமவன். நாயரின் நினைவுக்கு வாரிசானவர் இரண்டாமவர்.