சாவா மூவாப் பேராடும் நம் வட்டிப் பணமும்

இன்று கைக்கு வரும் 100 ரூபாயும் பத்து வருஷம் கழித்து வரும் 100 ரூபாயும் ஒன்றல்ல. இதைப் 'பணத்தின் கால மதிப்பு' என்று வணிகவியல் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். ஏதோ மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான பாடம் என்று எண்ணுவோர் உண்டு. வங்கிப் பேரேடுகளோடு காலம் தள்ளியவன் நான். ஓய்வு பெற்ற பின் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டும் பழக்கம் வந்தது. அந்தப் பாடம் சோழர் கோயில் சுவர்களிலேயே கணக்கு சுத்தமாக இருக்கிறதைப் பார்த்தேன். அதை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

1010-ல் நிறைவு பெற்ற தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசனும், தமக்கை குந்தவையும், தேவியரும், அதிகாரிகளும் காசு கொடுத்தார்கள். அந்தக் காசு பெட்டியில் தூங்கவில்லை. ஊர்ச் சபைகளுக்குக் கடனாகப் போனது. வட்டிக்கு அன்றைய பெயர் 'பொலிசை'. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. சில சபைகள் காசாகத் தராமல், காசுக்கு முக்குறுணி நெல்லாக அளந்தன. அன்று ஒரு காசுக்கு நெல் இரண்டு கலம். கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி என்றால் மொத்தம் இருபத்துநான்கு. அதில் மூன்று என்பதும் அதே எட்டில் ஒரு பங்குதான்! எழுதியவர்கள் சும்மா எழுதவில்லை, கணக்குப் போட்டே எழுதியிருக்கிறார்கள்.

இதன் உட்பொருள் என்ன? சந்திரரும் சூரியரும் உள்ளவரை ஆண்டுக்கு ஒரு காசு வேண்டுமானால், இன்று எட்டுக் காசு போட்டால் போதும். முடிவில்லாத காலத்துச் செலவுக்கு இன்றைய விலை எட்டுக் காசு! வட்டி பாதியாகக் குறைந்தால் அதே செலவுக்குப் பதினாறு காசு வேண்டும். வங்கி வட்டி இறங்கும்போதெல்லாம் ஓய்வூதியமில்லாத பெரியவர்கள் திண்டாடுவது இந்தக் கணக்கினால்தான்.

காசு தவிர இன்னொரு வழியும் இருந்தது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகளை விடுவார்கள். அவற்றை ஏற்ற இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, கிழமாகாத ஆடு எங்கேயாவது உண்டா என்று கேட்கத் தோன்றும். தனித்தனி ஆடு சாகும்; மந்தை சாகாது. செத்ததற்கும் கிழமானதற்கும் ஈடாகக் குட்டிகள் மந்தையிலேயே நிற்கும். அதனால் எண்ணிக்கை குறையாது. நெய்யைச் செலவழிக்கலாம், குட்டியைத் தொடக்கூடாது. சூட்சுமம் இவ்வளவுதாங்க.

இதை நம் காலத்துக்குக் கொண்டு வருவோம். ஒருவர் 1,000 ரூபாயை 8 சதவீத வட்டிக்குப் போட்டு, வருஷம் 80 ரூபாயையும் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது. 72-ஐ அந்த ஆறால் வகுத்தால் 12 வரும். பன்னிரண்டு வருஷத்துக்கொரு முறை விலை இரட்டிக்கும். 36 வருஷத்தில் எட்டு மடங்கு. அப்போது அந்த 80 ரூபாய்க்கு, ஆரம்பத்தில் 10 ரூபாய்க்குக் கிடைத்ததுதான் கிடைக்கும். காகிதத்தில் முதல் அப்படியே இருக்கும். விளக்கு மட்டும் அணைந்திருக்கும்.

மாறாக, 80-ல் 60-ஐ முதலோடு சேர்த்து 20-ஐ மட்டும் செலவழித்தால்? இப்படியே வருஷா வருஷம் செய்து வந்தால், 36 வருஷத்தில் முதல் 8,000-ஐத் தாண்டும்; செலவுக்கு வருவது 160-ஐத் தாண்டும். அந்த 60 ரூபாய்தான் குட்டி, 20 ரூபாய்தான் நெய். வட்டியை நெல்லாக வாங்கியவர்களுக்கும் நெல் விலையேற்றம் ஒரு பொருட்டில்லை.

பெங்களூர் போன்ற ஊர்களில் போக்கியத்துக்கு வீடு பிடிப்போருக்கும் இதே கணக்கு உதவும். 10 லட்சம் கொடுத்துவிட்டு 'வாடகையே இல்லை' என்று மகிழ்கிறோம். 8 சதவீதக் கணக்கில் வருஷம் 80,000 ரூபாய் வாடகை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். கடைக்கு இடமோ இயந்திரமோ மொத்தப் பணம் கட்டி வாங்கும் வியாபாரியும், அந்தப் பணம் வேறெங்கே இருந்தால் என்ன ஈட்டும் என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஊரை விட்டு வந்த நமக்கு நிலபுலன் கிடையாது. பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும்தான் நம் மந்தை. குழந்தைகளுக்கு அறக்கட்டளைப் பரிசு என்று நம் சங்கங்களிடம் அன்பர்கள் ஒப்படைக்கும் தொகையும் மந்தைதான். வட்டி முழுவதையும் பரிசாகக் கொடுத்தால், கொடுத்தவர் பெயர் நிற்கும். சில தலைமுறை கழித்துப் பரிசு ஒரு பேனாவுக்குக்கூடக் காணாது. ஆகவே அறக்கட்டளைப் பத்திரம் எழுதும்போதே, வட்டியில் இத்தனை பங்கு முதலில் சேர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுவோம்.