ஒப்பித்தலும் கதை சொல்லலும்

சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரை நம் கிராமங்களில் நிலவிய திண்ணைப் பள்ளிக்கூடங்களில், பிள்ளைகள் மணலில் விரல் பதித்து எழுத்தறிந்து, ஆத்திசூடியையும் எண்சுவடியையும் மனனம் செய்து, மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை முறைசொல்ல ஒருமித்த குரலில் திருப்பிச் சொல்லி வந்தனர். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குப் போதிக்கும் இவ்வழக்கத்தின் அருமையை உணர்ந்து, 1789இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட, ‘மதராஸ் முறை’ என்னும் பெயரால் அது இங்கிலாந்திலும் பரவியது. வகுப்பை ஒரு குடும்பமாக்கும் சக்தி அதில் இருந்தது. எனினும் குழந்தையின் நாவில் ஏறியது பிறர் வாக்கேயன்றித் தன் வீட்டுச் சமாசாரம் அன்று.

வீட்டிலோ வேறு தர்மம். பாட்டி கதை சொல்லும்போது கேட்பவர் ‘உம்’ கொட்டவேண்டும். அது நின்றால் கதையும் நின்றுவிடும். கேட்பவரும் கதைக்குப் பங்காளி என்ற இந்தச் சம்பிரதாயம் பள்ளியின் வாசற்படியை நெடுங்காலம் தாண்டவில்லை.

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளை அடுத்த கம்மாபுரம் வட்டாரத்தில் இக்குறை பெரிது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றிச் சுரங்கங்கள் விரிய விரிய, பூர்வீக நிலத்தை இழந்த குடும்பங்கள் புது மனைகளில் குடியேறின. அருகிலுள்ள மணக்கொல்லையைச் சேர்ந்த எழுத்தாளர் கண்மணி குணசேகரன், அந்த இடப்பெயர்வை ‘வந்தாரங்குடி’ நாவலாக்கியதோடு, வகுப்பறைகள் கொச்சையென்று ஒதுக்கிய இவ்வட்டாரப் பேச்சை நடுநாட்டுச் சொல்லகராதியாகவும் தொகுத்தார்.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், 2021 அக்டோபர் 27 அன்று, பழைய தென்னாற்காட்டைச் சேர்ந்த மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் தொடங்கப்பெற்ற இல்லம் தேடிக் கல்வித் திட்டம், தன்னார்வலர்களைக் கொண்டு மாலைவேளைகளில் பிள்ளைகளை வீட்டருகே கூட்டி, கதையும் பாட்டும் விளையாட்டுமாகப் பாடத்தை நடத்தியபோது, திண்ணை மறுபடி பள்ளியாயிற்று. அத்தகைய இடத்தில், “எங்க ஆயா ஊர்ல முந்திரித் தோப்பு இருந்திச்சு” என்று ஊரிழந்த வீட்டுப் பிள்ளை சொல்ல, சூளை வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை “அப்புறம்?” என்று கேட்டுவிட்டால், இரண்டு தெருக்களுக்கும் உறவு உண்டாகிவிடும்.

ஆனால், கதை சொல் என்று கட்டளையிட்டால் குழந்தை மீண்டும் ஒப்பிக்கவே செய்யும். ஆகவே முதற்கதையை ஆசிரியர் தம் வாழ்விலிருந்து சொல்லவேண்டும். பிறகு, திருத்தாமலும் மதிப்பெண் இடாமலும் பிள்ளைகள் சொல்வதைப் பொறுமையோடு கேட்கவேண்டும்.