ஒப்பந்தம் யார் பெயரில்? வீடற்றோர் மறுவாழ்வும் வாடகைதாரர் உரிமையும்

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் ஆல்ப்பிகாட்டு 25 என்பது வீடற்றோர் எல்லோருக்கும் தெரிந்த முகவரி. இரட்சணிய சேனை அங்கே நெடுங்காலம் ஒரு காப்பகம் நடத்தியது. சுமார் 250 படுக்கைகள். பொதுக் கூடம், பொதுக் கழிப்பறை. 2010களின் தொடக்கத்தில் அந்தக் கட்டடத்தை உள்ளே பிரித்துக் கட்டி 81 தனி வீடுகளாக மாற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, குளியலறை, சிறிய சமையலிடம் உண்டு. உதவிப் பணியாளர்கள் அதே கட்டடத்தில் இருக்கிறார்கள். குடியிருப்பவர் தன் வீட்டுக்குள் மது அருந்தினால் யாரும் வெளியே தள்ளுவதில்லை. காரணம் எளிது. அவர் கையில் இருப்பது வாடகை ஒப்பந்தம். நாட்டின் மற்ற வாடகைதாரர்களுக்கு உள்ள சட்டம்தான் அவருக்கும்.

குடியை விட வேண்டும் என்ற நிபந்தனை இன்றி முதலில் வீட்டைக் கொடுக்கும் இந்த ‘வீடு முதலில்’ கொள்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் பரிவைப் பேசுகிறார்கள், அல்லது அது மிச்சப்படுத்தும் பணத்தைப் பேசுகிறார்கள். கிடைத்திருக்கும் சான்றுகளைக் கூர்ந்து பார்த்தால் இரண்டும் பக்கவாட்டுச் செய்திகளே. கொள்கையின் உயிர் அந்த ஒப்பந்தத்திலும், அதற்கு மாதந்தோறும் வாடகை கட்டும் ஏற்பாட்டிலும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். இவற்றை விட்டுவிட்டுக் கொள்கையின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டால் பலன் நிலைக்காது.

இக்கொள்கைக்கு முந்தைய முறையைப் படிக்கட்டு முறை என்பார்கள். தெருவிலிருந்து காப்பகம், காப்பகத்திலிருந்து சிகிச்சை இல்லம், அங்கே குடியை விட்டு மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொண்டால் இடைக்கால விடுதி, கடைசியில் வீடு. எந்தப் படியில் வழுக்கினாலும் மீண்டும் தெரு. மனநோயும் போதைப் பழக்கமும் சேர்ந்த ஒருவர், நாற்பது பேர் இருமும் கூடத்தில் படுத்துக்கொண்டு அந்தத் தேர்வுகளை எல்லாம் எழுதித் தேற வேண்டும் என்று அம்முறை எதிர்பார்த்தது.

நியூயார்க்கில் தெருவோர மனநோயாளிகளிடையே வேலை செய்துவந்த உளவியலாளர் சாம் செம்பரிஸ் 1992இல் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். அவர் தொடங்கிய அமைப்பு தனியார் உரிமையாளர்களிடமிருந்து நகரெங்கும் சிதறிக் கிடந்த வீடுகளை வாடகைக்குப் பிடித்தது. குடியேறுபவர் தன் வருமானத்தில் 30 சதவீதத்தை வாடகையாகத் தர வேண்டும். உதவிக் குழு வீட்டுக்கு வந்து பார்ப்பதற்குச் சம்மதிக்க வேண்டும். மருந்தும் மதுவிலக்கும் நிபந்தனையில் இல்லை. வீடு ஒரு கணக்கு, சிகிச்சை வேறு கணக்கு. ஒன்றில் தவறினால் மற்றொன்று பறிபோகாது. 2000ஆம் ஆண்டில் வெளியான அவரது ஆய்வின்படி, ஐந்தாண்டுகளுக்குப் பிறகு இத்திட்டத்தில் 88 சதவீதத்தினர் வீட்டில் நிலைத்திருந்தனர். நகரின் வழக்கமான முறையில் 47 சதவீதத்தினர்.

இந்த எண்களை ஐயத்தோடு பார்ப்பது நியாயம். திட்டத்தை உருவாக்கியவரே அதை மதிப்பிட்டிருக்கிறார். அந்த ஐயத்தைத் தீர்க்கும் அளவுக்குப் பெரிய சோதனை கனடாவில் நடந்தது. நடுவணரசு கொடுத்த 11 கோடி டாலரில், 2009 முதல் 2013 வரை வான்கூவர், வின்னிபெக், டொரான்டோ, மான்ட்ரியல், மாங்க்டன் ஆகிய ஐந்து நகரங்களில் மனநோயுள்ள வீடற்றோர் 2,000க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வீடும் உதவிக் குழுவும். மறு பிரிவுக்கு ஊரில் ஏற்கெனவே இருந்த சேவைகள். கடைசி ஆறு மாதங்களில் முதல் பிரிவில் 62 சதவீதத்தினர் முழு நேரமும் வீட்டில் இருந்தார்கள். இரண்டாம் பிரிவில் 31 சதவீதம். முதல் பிரிவிலும் 16 சதவீதத்தினருக்கு அந்த ஆறு மாதங்களில் வீடே அமையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வீடு கிடைத்ததும் குடிப்பழக்கம் போய்விட்டதா? இல்லை. நியூயார்க்கில் 225 பேரைக் கொண்டு நடந்து 2004இல் வெளியான ஆய்விலேயே, போதைப் பழக்கத்திலும் மனநோய் அறிகுறிகளிலும் இரு பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. எதிர்ப்பாளர்கள் இதைப் பெரிதாகக் காட்டுகிறார்கள். ஆனால் அதே முடிவை மறுபக்கத்திலிருந்தும் வாசிக்கலாம். குடியை விடச் சொல்லிக் கட்டாயப்படுத்திய பிரிவினர், கட்டாயமே இல்லாதவர்களைவிட எந்த விதத்திலும் தேறிவிடவில்லை. அப்படியானால் அந்தக் கட்டாயம் எதற்கு?

செலவுக் கணக்கில் ஆதரவாளர்கள் செய்யும் தவறும் உண்டு. கனடாவின் இறுதி அறிக்கைப்படி, மருத்துவமனை, காவல், சிறை என்று அரசுக்கு மிக அதிகச் செலவு வைத்த 10 சதவீதத்தினரிடம் 10 டாலர் போட்டால் 21.72 டாலர் மிச்சமாயிற்று. உதவித் தேவை அதிகமுள்ளவர்களைப் பொதுவாக எடுத்துக்கொண்டால் 9.60 டாலர்; நடுத்தரத் தேவையுள்ளவர்களிடம் 3.42 டாலர் மட்டுமே. மேடைகளில் முதல் எண் மட்டும்தான் வலம் வருகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2015இல் நீண்டகால வீடின்மையை 91 சதவீதம் குறைத்துவிட்டதாக அறிவித்தபோதும் இதே கதைதான். கணக்கெடுக்கும் முறை இடையில் மாறியதும் அந்த வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்பது பிறகு வெளியே வந்தது. லாபத்தைக் காட்டி விற்ற கொள்கை, லாபம் குறைந்தவுடன் கைவிடப்படும். பெரும்பாலோர் விஷயத்தில் இது செலவு பிடிக்கும் கொள்கை என்று ஒப்புக்கொண்டு வாதிடுவதே நல்லது.

பின்லாந்து அந்தச் செலவை ஏற்றது. 1985இல் தொடங்கப்பட்ட ஒய் அறக்கட்டளை, சாதாரண அடுக்குமாடிகளில் ஒவ்வொன்றாக வீடுகளை வாங்கி, வீடற்ற தனியாட்களுக்கு வாடகைக்கு விட்டது. 1980களின் இறுதியில் நாட்டில் சுமார் 18,000 வீடற்றோர் இருந்தனர். இருபது ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிய பிறகும், மிக மோசமான நிலையில் இருந்த சுமார் 3,500 பேர் காப்பகங்களிலேயே சுழன்றுகொண்டிருந்தனர். அவர்களுக்காக 2008இல் அரசு ஒரு தேசியத் திட்டத்தை அறிவித்தது. பத்துப் பெரிய நகரங்களில் 1,250 புதிய வீடுகள். உதவிப் பணியாளர் சம்பளத்தில் பாதி அரசுடையது, பாதி நகராட்சியுடையது. காப்பகங்களை மூடி வீடுகளாக மாற்றுவது என்பது திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஹெல்சிங்கியில் 2008இல் 558ஆக இருந்த காப்பகப் படுக்கைகள் 2016இல் 52 ஆயின.

நீண்டகால வீடின்மையை 2011க்குள் பாதியாக்கி 2015க்குள் ஒழிப்பது என்ற இலக்கு நிறைவேறவில்லை. 2015இல் குறைந்திருந்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வெளிநாட்டுப் பத்திரிகைகள் ‘பின்லாந்து வீடின்மையை ஒழித்துவிட்டது’ என்று எழுதும்போது இதை மறந்துவிடுகின்றன. ஆனாலும் மொத்த எண்ணிக்கை 2023இல் 3,429க்கு வந்திருந்தது. உறவினர், நண்பர் வீடுகளில் ஒண்டிக்கொண்டிருப்பவர்களையும் பின்லாந்து வீடற்றோர் என்றே எண்ணுகிறது. அந்தப் பட்டியலில் மிகப் பெரிய பங்கு அவர்களுடையது. தெருவில் படுப்பவரை மட்டும் எண்ணும் நாடுகளோடு இதை ஒப்பிடுவது பொருந்தாது.

அடுத்த ஆண்டு நடந்தது இக்கட்டுரைக்கு முக்கியம். 2023இல் பதவியேற்ற பெட்டேரி ஓர்ப்போ அரசு, செலவைக் குறைக்க வாடகை உதவித்தொகையில் கை வைத்தது. 2024 ஏப்ரலிலிருந்து, ஏற்கத்தக்க வீட்டுச் செலவில் 80 சதவீதம் வரை ஈடுசெய்த உதவி 70 சதவீதமாயிற்று. 2024 கணக்கெடுப்பில் வீடற்றோர் 3,806 பேர். பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காணாத உயர்வு இது. ஒரே ஆண்டு எண்ணை வைத்துக் காரணத்தை அறுதியிட முடியாது. ஆனால் அந்த ஆண்டில் மாறியவற்றில் வாடகைக்கான பணமும் ஒன்று என்பதைப் பொருட்படுத்தாமல் இருக்கவும் முடியாது.

பணத்தைப் போலவே அரசியல் ஆதரவும் நிலையில்லாதது. அமெரிக்காவில் இக்கொள்கையை ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆட்சி வளர்த்தது. 2025 ஜூலையில் டிரம்ப் பிறப்பித்த ஆணை அதற்கான நடுவணரசின் ஆதரவை நிறுத்தச் சொன்னது. இருவரும் ஒரே கட்சி.

தமிழ்நாட்டில் இந்த விவாதத்துக்கு வேர் உண்டு. சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட தி பான்யன் அமைப்பு, தெருவில் கிடந்த மனநோயுள்ள பெண்களை மீட்டுச் சிகிச்சை அளித்து வீட்டுக்கு அனுப்பிவந்தது. போவதற்கு வீடே இல்லாதவர்கள் ஆண்டுக்கணக்கில் நிறுவனத்துக்குள்ளேயே தங்கிப் போனார்கள். அவர்களுக்காக 2015இல் ‘ஹோம் அகெய்ன்’ தொடங்கியது. நான்கைந்து பெண்கள் தமக்குள் ஒத்துப்போகிறவர்களாகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் குடியேறுகிறார்கள். உதவிக்கு ஒரு பணியாளர். கடைக்குப் போவது, குழம்புக்கு என்ன வைப்பது, பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போவதா வேண்டாமா என்பதெல்லாம் அவர்கள் முடிவு. நியூயார்க்கின் ஒற்றை ஆள் வீட்டை இங்கே நகலெடுக்கவில்லை. தனியே இருக்கும் பெண்ணைத் தெரு எப்படிப் பார்க்கும் என்று தெரிந்தவர்கள் வகுத்த முறை இது.

இதற்குச் சட்ட பலமும் இருக்கிறது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து ஒருவரை மனநல மருத்துவமனையில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 19ஆம் பிரிவு. ஆனால் ஹான்ஸ் அறக்கட்டளை 2019இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்களில் 36 சதவீதத்தினர் ஓராண்டுக்கு மேல் உள்ளேயே இருப்பதாகக் கண்டது.

மனநோயில்லாத வீடற்றோர் நிலை வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 17.7 லட்சம் பேர் வீடின்றி இருப்பதாகச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தின் 2010 ஆணைகளுக்குப் பிறகு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்ற அளவுகோல் வந்தது. நடுவணரசுத் திட்டம் ஆளுக்கு 50 சதுர அடி என்று வகுத்தது. உயிரைக் காக்க இது தேவை. ஆனால் காப்பகத்துக்கு அப்புறம் என்ன என்ற கேள்விக்குத் திட்டத்தில் உறுதியான பதில் இருக்கவில்லை. படிக்கட்டின் முதல் படி மட்டும் கட்டப்பட்டிருக்கிறது.

மறு கோடியில், வீடு கிடைத்தும் நிலைக்காத அனுபவம் சென்னைக்கு நன்றாகத் தெரியும். 2000இலிருந்து கண்ணகி நகர், பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கூவம், அடையாறு கரைகளிலும் நடைபாதைகளிலும் இருந்தவர்கள் நகரின் தெற்கு விளிம்புக்கு அனுப்பப்பட்டார்கள். கையில் ஒதுக்கீட்டு ஆணை இருந்தது. வேலை பழைய இடத்தில் இருந்தது. மயிலாப்பூரில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் விடிகாலை நான்கு மணிக்குப் பேருந்துக்கு நின்று எத்தனை வீட்டு வேலையைத் தக்கவைக்க முடியும்? வீட்டைப் பூட்டிவிட்டோ வேறொருவருக்கு விட்டுவிட்டோ பழைய பேட்டைக்கே திரும்பியவர்கள் உண்டு. ஆவணம் இருந்தும், அதை வைத்து வாழும் வழி இல்லாமல் போனது.

நகருக்குள்ளேயே வாடகைக்குப் போகலாமே என்றால் முன்னால் நிற்பது அட்வான்ஸ். பத்து மாத வாடகை கேட்பது சென்னையில் நெடுநாள் வழக்கம். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் இரு தரப்புக்கும் வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. எழுத்து ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவும் சொல்கிறது. பூக்கடை வாசலில் மூட்டை தூக்கி நாள் கூலி வாங்குகிறவரிடம் மூன்று மாதப் பணமும் மொத்தமாக இருக்காது. இருந்தாலும், நிரந்தர முகவரி கேட்கும் வீட்டு உரிமையாளரிடம் அவர் எதைக் காட்டுவார்?

ஆகவே தமிழ்நாட்டில் புதிய காப்பகங்களைத் திறப்பதோடு வேலை முடியவில்லை. காப்பகங்களில் ஓராண்டுக்கு மேல் தங்கியிருப்போர் எத்தனை பேர் என்ற கணக்கை மாநகராட்சிகள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அவர்களுக்கு முன்பணத்தையும் முதல் இரண்டாண்டு வாடகையில் ஒரு பங்கையும் அரசு ஏற்க வேண்டும். வீடு வேலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் அவரவர் பெயரில் பதிவாக வேண்டும். ஒரே ஒரு மாநகராட்சி மண்டலத்தில், காப்பகத்தில் நீண்டநாள் தங்கியிருக்கும் 100 பேரைக் கொண்டு இதைத் தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.