இஸ்தோப்புக்கும் வாசலுக்கும் வெளிச்சம்: பதுளைத் தோட்ட வீடுகளுக்கான வழிகாட்டி

2011 ஆகஸ்டில் 'கிரீஸ் பூதம்' பற்றிய பீதி மலையகத் தோட்டங்களில் தொடங்கி, கிழக்குக்கும் வடக்குக்கும் பரவியது. யுத்தம் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், இருட்டிய பின் வெளியே வரப் பெண்கள் அஞ்சினர். ஜாம் போத்தலில் திரி போட்டு இரவுகளைக் கழித்த வடக்கு மக்களுக்கு இருளின் அச்சத்தை விளக்கத் தேவையில்லை. ஊவாவின் லயங்களில் அந்த அச்சத்துக்கு அன்றாடக் காரணம் ஒன்றும் உண்டு. பல லயங்களில் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் வீட்டுக்கு வெளியே, படியும் கானும் தாண்டித்தான் இருக்கின்றன.

எங்கே வெளிச்சம் வேண்டும்?

மின்குமிழ் வாங்குவதற்கு முன், ஒருநாள் இருட்டிய பின் டோர்ச்சுடன் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். கால் தயங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவை படியின் விளிம்பு, கானின் ஓரம், குழாயடி, கழிப்பறை வாசல், பாதைக்கு இறங்கும் திருப்பம் என்பவையாகத்தான் இருக்கும். இஸ்தோப்பின் நடுவில் பெரிய மின்குமிழ் ஒன்றைத் தொங்கவிடுவதை விட, இந்த இடங்களுக்குச் சிறிய விளக்குகளைப் பிரித்து வைப்பது பயன் தரும். 7 பேர்ச் காணியில் கட்டப்பட்ட 550 சதுர அடி புதிய வீடுகளுக்கும் இதே கணக்குத்தான்.

எவ்வளவு வெளிச்சம்?

வெளிச்சத்தின் அளவு லூமன். 9 வாட் எல்ஈடி மின்குமிழ் ஏறக்குறைய 800 லூமன் தரும். பழைய 60 வாட் குண்டு பல்பும் அவ்வளவுதான் தந்தது. இரவில் 6 மணித்தியாலம் எரிந்தால், குண்டு பல்புக்கு மாதம் 10.8 அலகு மின்சாரம் செல்லும், எல்ஈடிக்கு 1.6 அலகுதான். இஸ்தோப்புக்கு 5 வாட் போதும்.

விளக்கு கண்ணுக்கு நேரே வெளிநோக்கி எரியக்கூடாது. அப்படி எரிந்தால், உள்ளே நிற்பவருக்கு வெளியே இருப்பது தெரியாது; வெளியே இருப்பவருக்கோ உள்ளே நிற்பவர் நன்றாகத் தெரிவார். மேலே மறைப்பு வைத்து, ஒளி நிலத்தில் விழச் செய்யுங்கள். அப்புத்தளை போன்ற இடங்களின் மூடுபனியிலும் இதுவே நல்லது. கூசும் வெள்ளை ஒளி பனியில் சிதறிக் கண்ணை மறைக்கும். 2700 முதல் 3000 கெல்வின் வரையான மஞ்சள் ஒளிக்குக் கண் கூசுவது குறைவு. பூச்சிகளும் குறைவாகவே வரும்.

மழையும் வயரும்

கூரைக்குக் கீழே இருக்கும் விளக்குக்கு ஐபி 44 தரம் போதும். மழையில் நனையும் விளக்குக்கு ஐபி 65 வேண்டும். தகரக் கூரையில் உரசியபடி வயரைக் கொண்டுபோகாதீர்கள். உறை தேய்ந்தால் கூரை முழுவதும் மின்சாரம் பாயும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் இருப்பதால், ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ முழு லயத்தையும் எரித்துவிடும். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுப்பதைத் தவிருங்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். வெளி இணைப்பைத் தகுதியுள்ள மின்னியலாளரிடமே கொடுங்கள்.

மின்சாரம் இல்லாத இரவில்

2022இன் நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. ஊவாவில் இருளோடு மண்சரிவும் சேர்ந்துவிடுகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது காலை வேளையில். ஆனால் வெளியேறச் சொல்லும் சிவப்பு எச்சரிக்கை நள்ளிரவிலும் வரலாம். அப்போது வயதானவர்களும் பிள்ளைகளும் படியிறங்க வெளிச்சம் வேண்டும்.

ஆகவே வெளிவிளக்குகளில் ஒன்றாவது மின்கம்பியை நம்பாததாக இருக்கட்டும். சூரியசக்தி விளக்கென்றால், காலை 9 முதல் பிற்பகல் 3 வரை நிழல் விழாத இடத்தில் அதன் தகட்டைத் தெற்கே சற்றுச் சாய்த்து வையுங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழையும் மேகமும் மிகுதி என்பதால் சார்ஜ் குறையும். அந்த மாதங்களுக்கு சார்ஜ் செய்யும் மின்குமிழ் ஒன்றும் தேவை. கதவருகே ஆணியில் ஒரு டோர்ச் எப்போதும் தொங்கட்டும். விளக்குக் கம்பத்தைச் சரிவின் விளிம்பில் நடாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, மின்சார சபையின் இலக்கம் 1987.

பொதுப் பாதை யாருடைய பொறுப்பு?

ஒரே ஒரு விளக்குத்தான் வாங்க முடியுமென்றால், கழிப்பறைக்குப் போகும் படியில் வையுங்கள். ஆனால் லயத்தின் பொதுப் பாதைக்கும் குழாயடிக்கும் தொழிலாளிதான் சம்பளத்திலிருந்து விளக்கு வாங்க வேண்டும் என்பதில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. எனவே உங்கள் தோட்டத்தின் இருண்ட இடங்களைக் குறித்து, குடும்பங்களின் கையொப்பத்துடன் பிரதேச சபைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமிட்ட பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.