தடி கை மாறும் இடம்

பதவி மாறும் விழா எதுவானாலும் சரி, ஆங்கிலத்தில் பேச வருகிறவர் 'பேட்டனைக் கொடுத்துவிட்டேன்' என்று சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. ரிலே ஓட்டத்தில் தடியைக் கை மாற்றுவதிலிருந்து வந்த வழக்கு அது. சொல்வதென்னவோ சுலபம்தான். நம் மைதானத்தில் ஸ்போர்ட்ஸ் டே அன்று ரிலே பார்த்தவர்களைக் கேளுங்கள், கை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று!

தடிக்கு முன்னால் தீப்பந்தம் இருந்தது. பழைய ஏதென்ஸில், ஊருக்கு வெளியே அகாடமியில் இருந்த பிரொமீத்தியஸ் பலிபீடத்திலிருந்து எரியும் பந்தத்தோடு நகரை நோக்கி ஓடுவார்கள். கைக்குக் கை பந்தத்தைக் கொடுத்து ஓடும் பந்தயங்களும் உண்டு. குதிரை மேலிருந்தபடியே கொடுக்கும் பந்தயம் ஒன்றைப் பிளேட்டோ 'குடியரசு' நூலின் தொடக்கத்தில் குறிப்பிடுகிறார். அகாடமி ஓட்டத்தின் விதியை கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் பாசேனியஸ் எழுதி வைத்தார். முதலில் வந்தால் மட்டும் போதாது, பந்தம் எரிந்துகொண்டிருக்கணும். அணைந்துவிட்டால் வெற்றி இரண்டாமவருக்கு. அவருடையதும் அணைந்திருந்தால் மூன்றாமவருக்கு. எல்லாமே அணைந்துபோனால் யாருக்கும் வெற்றி கிடையாது.

1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 4x100 மீட்டர் ரிலே முதன்முதலாக வந்தது. வந்த வருஷமே வினை! அரையிறுதியில் அமெரிக்காவும் இறுதியில் ஜெர்மனியும் தடி மாற்றுவதில் தவறு செய்து தகுதி இழந்தன. 1936-இல் பெர்லினில் ஜெர்மன் பெண்கள் முதல் சுற்றில் உலக சாதனை செய்தவர்கள். இறுதி ஓட்டத்திலும் நன்றாக முந்தியிருந்தார்கள். கடைசிக் கை மாற்றத்தில், சொந்த ஊர் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடி கீழே விழுந்தது. 2008-இல் பெய்ஜிங்கில் அமெரிக்க ஆண்கள், பெண்கள் இரு அணிகளுமே தடியைக் கோட்டை விட்டன. அதுவும் ஒரே நாளில், அதே கடைசிக் கை மாற்றத்தில்.

ஓடத் தெரியாதவர்களா இவர்கள்? வாங்குகிறவர் பின்னால் பார்க்காமல், முழு வேகம் எடுத்துக்கொண்டே கையை மட்டும் நீட்டுகிறார். கொடுக்கிறவர் அந்தக் கை தடியைப் பிடிக்கும்வரை விடக்கூடாது, பிடித்த பிறகு வைத்திருக்கவும் கூடாது. இதற்கென்று ஒதுக்கிய இடம் வெகுகாலம் 20 மீட்டர்தான். 2017 நவம்பரில்தான் 30 ஆக்கினார்கள்.

இன்னொரு விதியும் இருக்கிறது, பழைய மாணவர்களான நாம் கவனிக்க வேண்டியது. தடியைக் கொடுத்து முடித்தவர் உடனே குறுக்கே போய்விடக் கூடாது. பின்னால் வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், வழி காலியாகும்வரை தன் பாதையிலேயே நிற்கணும்.