காத்திருந்த நொடிகளின் கணக்கு

ஐபிஎம் 360, 370 வகைப் பெருங்கணினிகளில் வேலை பார்த்தவர்களுக்கு 322 என்ற எண் மறக்காது. துளையட்டைக் கட்டைக் கொடுக்கும்போதே, தன் நிரலுக்கு எவ்வளவு சிபியு நேரம் போதும் என்பதையும் ஓர் அட்டையில் குறித்துக் கொடுக்கலாம். குறித்த நேரத்தைத் தாண்டினால் கணினி நிரலை அங்கேயே நிறுத்திவிடும். மறுநாள் அச்சுத்தாளைப் பிரித்தால் விடைக்குப் பதில் 322 என்ற குறியீடுதான் இருக்கும். ஒரே சிபியுவை நூறு பேர் பகிர்ந்துகொண்ட காலத்தில், யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று கண்காணிப்பது பிழைப்புக்கே அவசியமாக இருந்தது.

தமிழ்நாட்டில் அந்தப் பகிர்வு பெரிய அளவில் நடந்த இடம் சென்னை ஐஐடி. 1973இல் அங்கே ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது. அன்றைக்கு நாட்டிலிருந்த பெரிய கணினிகளுள் ஒன்று அது. கான்பூர் ஐஐடியிலிருந்து வந்த பேராசிரியர் எச்.என்.மகாபலா அதைச் சுற்றிக் கணினிக் கல்வியை வளர்த்தார். 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறிய பிறகும் அதன் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, பராமரிப்பை அரசு நிறுவனமான சிஎம்சி ஏற்றுக்கொண்டது.

இதற்கு முன்பே அமெரிக்காவில் வேறொரு யோசனை பிறந்திருந்தது. கணினியின் நேரத்தை மட்டும் பங்கு போடாமல், ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணினியே கிடைத்துவிட்டதுபோல் காட்டினால் என்ன? மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் ராபர்ட் கிரீசியும் லெஸ் கோமோவும் அவர்களுடைய குழுவும் 1964 முதல் இதற்காக உழைத்தார்கள். சிபி-40, சிபி-67 என்று வளர்ந்த அந்த முயற்சி, 1972 ஆகஸ்டில் விஎம்/370 என்ற பெயரில் விற்பனைப் பொருளாக அறிவிக்கப்பட்டது. இன்று மெய்நிகர் கணினி என்று நாம் சொல்வதன் மூலவடிவம் இதுவே.

விஎம்/370இல் வேலையை முடித்து வெளியேறும் ஒவ்வொருவருக்கும் திரையில் ஒரு வரி வரும். எவ்வளவு நேரம் இணைப்பில் இருந்தீர்கள் என்பது முதல் எண். உங்கள் மெய்நிகர் கணினி செலவிட்ட சிபியு நேரம் இரண்டாவது எண். மூன்றாவது எண்தான் முக்கியமானது: உங்களுக்காக அடியில் இருந்த மேலாண்மை நிரல் பட்ட பாட்டையும் சேர்த்த மொத்த நேரம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலுள்ள வித்தியாசமே மெய்நிகர் கணினியை நடத்துவதற்கான கூலி. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கூலியைப் பயனரிடம் மறைக்காமல் காட்டிய நேர்மை இன்றைக்கும் வியக்கத்தக்கது.

சென்னைக்கு வந்த 155 மாடல் 1970இல் அறிவிக்கப்பட்டது. விஎம்/370க்குத் தேவையான முகவரி மாற்றும் வன்பொருள் அதில் இயல்பாகக் கிடையாது. தனியாகப் பொருத்திக்கொள்ள வேண்டும். ஆகவே துளையட்டையும் வரிசையுமே அந்தத் தலைமுறைப் பொறியாளர்கள் பலருக்குக் கணினிப் பகிர்வின் முதல் பாடமாக அமைந்தன.

காத்திருப்பவர்களையும் எண்ண வேண்டும் என்ற எண்ணம் அதே காலத்தில் இன்னோர் இடத்திலும் முளைத்தது. டெனெக்ஸ் என்ற இயங்குதளத்தின் சராசரிச் சுமையைப் பற்றி 1973இல் ஒரு குறிப்பு வெளியானது. சிபியுவில் ஓடும் வேலைகளோடு, முறைக்காக வரிசையில் நிற்பவற்றையும் சேர்த்து எண்ணும் அளவீடு அது. இன்று எந்த லினக்ஸ் சர்வரிலும் 'அப்டைம்' என்று தட்டினால் வரும் மூன்று எண்கள் அதன் வழித்தோன்றல்களே.

அதன்பின் சிறு கணினிகள் மலிந்தன. ஆளுக்கொன்று வந்தபோது பகிர்வுக் கணக்கைப் பலரும் மறந்தார்கள். 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் சாதாரண இன்டெல் கணினிக்குள்ளேயே பல கணினிகளை ஓட்டிக் காட்டியது. 2001இல் அது சர்வர்களுக்கான ஈஎஸ்எக்ஸ் மென்பொருளை வெளியிட்டது. பழைய வரிசை மறுபடி வந்துவிட்டது. இந்தமுறை வரிசையில் நின்றவை கணினிகள்.

இந்த வரிசையைக் கண்காணிப்பதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. சென்னை ஐஐடியில் 1989இல் பட்டம் பெற்ற ஸ்ரீதர் வேம்புவும் டோனி தாமஸ் உள்ளிட்டோரும் 1996இல் அட்வென்ட்நெட்டைத் தொடங்கினார்கள். நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் எஸ்என்எம்பி நெறிமுறைக்கான மென்பொருளே அதன் முதல் சரக்கு. 2000களின் தொடக்கத்தில் தொலைத்தொடர்புச் சந்தை சரிந்து, கருவி தயாரிப்பாளர்களை நம்பியிருந்த வியாபாரம் ஆட்டம் கண்டது. நிறுவனம் தகவல்தொழில்நுட்பத் துறைகள் நேரடியாக வாங்கும் மென்பொருளுக்குத் திரும்பியது. அப்படிப் பிறந்ததுதான் மேனேஜ்என்ஜின். அதன் ஆப்மேனேஜர் போன்ற மென்பொருள்கள் இன்று மெய்நிகர் கணினிகளையும் அவற்றைத் தாங்கும் சர்வர்களையும் சேர்த்தே கண்காணிக்கின்றன. 2009இல் நிறுவனத்தின் பெயர் ஜோஹோ என்று மாறியது.

சேர்த்துக் கண்காணிப்பது ஏன் அவசியம்? எஸ்என்எம்பிக்காக 1993இல் வகுத்த அட்டவணை ஒன்று, கடந்த ஒரு நிமிடத்தில் சிபியு எத்தனை சதவீதம் சும்மா இல்லாமல் இருந்தது என்று சொல்லும். தனிக் கணினியில் அந்த எண்ணை நம்பலாம். மெய்நிகர் கணினிக்குள் இருந்து கேட்டால் அது பாதி உண்மைதான். உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்குத் தன்னை நிறுத்திவைத்து வேறொன்றை ஓடவிட்டது தெரியாமலே போகலாம். உள்ளே சிபியு ஓய்வாகத் தெரியும். வெளியே வாடிக்கையாளர் பக்கம் திறக்கவில்லை என்று போன் செய்துகொண்டிருப்பார்.

இதற்கு இரண்டு பக்கமும் மருந்து வந்தது. விஎம்வேர், தயாராக இருந்தும் சிபியு கிடைக்காமல் மெய்நிகர் கணினி நின்ற நேரத்தைத் தனியாக அளக்கிறது. அதன் நேரடி வரைபடம் 20 நொடிக்கு ஒருமுறை கணக்கெடுக்கும். ஒரு சிபியு உள்ள மெய்நிகர் கணினிக்கு அதில் 1000 மில்லிநொடி வந்தால், அந்த நேரத்தில் 5 சதவீதம் வெறுங்காத்திருப்பு என்று பொருள். லினக்ஸோ 2.6.11 பதிப்பிலிருந்து, அடியில் இருக்கும் மேலாண்மை நிரல் (ஹைப்பர்வைசர்) மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்ட நேரத்தைத் தனிப் பத்தியாகக் காட்டுகிறது. 'டாப்' திரையில் 'எஸ்டி' என்று தெரிவது அதுதான். விஎம்/370, பயனர் வெளியேறும்போது காட்டிய கணக்கின் நேர்மையை இந்தப் பத்திதான் மீட்டெடுத்தது என்பேன்.

இந்தக் கண்காணிப்பு மென்பொருளைத் தரும் ஜோஹோ 2011இல் தென்காசியில் அலுவலகம் திறந்தது. மத்தளம்பாறையில் இன்று அதன் வளாகம் நிற்கிறது. அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள், தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் என்ற தொல்லியல் தலம் இருக்கிறது. 1876இல் அங்கே தோண்டிய ஜெர்மானியர் ஜாகோர் தாழிகளையும் இரும்புக் கருவிகளையும் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பின்னர் அங்கே அகழாய்வு செய்த அலெக்சாண்டர் ரீ எடுத்த பொருள்கள் சென்னைக்குப் போயின. கிடைத்த இடத்திலேயே தாழிகளைக் கண்ணாடித் தளத்தின் கீழே பார்க்கும் அருங்காட்சியகம் 2023 ஆகஸ்டில்தான் திறந்தது. தன் மண்ணின் தொழில்நுட்பத்தைத் தன் மண்ணிலேயே பார்க்க இந்த ஊர் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது.

கணினியின் கதைக்கும் அதே தாமதம் வரக்கூடாது. 370/155 காலத்து அச்சுத்தாள், துளையட்டை, கணினி மையத்தின் நேரப் பதிவேடு எதுவாயினும் பரணில் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். சென்னை ஐஐடி வளாகத்தில் அதன் வரலாற்றுப் பொருள்களுக்கென்றே ஒரு பாரம்பரிய மையம் இருக்கிறது. அங்கே கொடுங்கள், உங்கள் பெயரையும், அந்தத் தாளில் ஓடிய வேலை என்ன என்பதையும் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.