காற்றின் நாட்காட்டி: தீவுப் பயணத்திற்குரிய பருவம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்குங்கால் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே உரையாடல் நிகழ்வதைக் காண்கிறோம். தியோமானுக்குச் செல்வோமா, ரெடாங்கிற்குச் செல்வோமா என்று பிள்ளைகள் கேட்கின்றனர். பெற்றோர் தங்குவிடுதிகளைத் தேடத் தொடங்கி, அவற்றுள் பெரும்பாலானவை அடைக்கப்பட்டிருப்பதை அறிந்து திகைக்கின்றனர். விடுமுறை உண்டு, பணம் உண்டு, தீவும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆயினும் செல்ல வழியில்லை. இச்சிறு ஏமாற்றத்தின் பின்னே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று நிற்கிறது. இவ்வுரையில் நாம் ஆராயப் புகுவது அவ்வரலாற்றையே.

நம் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறோம். இக்கடலில் பயணம் செய்த முன்னோர் முதலில் கேட்ட கேள்வி 'எங்கே செல்வது?' என்பதன்று, 'எப்போது செல்வது?' என்பதே. நாம் அவ்வரிசையை மாற்றிவிட்டோம். தீவுகள் மாற்றவில்லை.

இரு காற்றுகளின் ஆட்சி

மலாய்த் தீபகற்பத்தை ஆண்டுதோறும் இரு காற்றுகள் மாறி மாறி ஆள்கின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஏப்ரலிலும் அக்டோபரிலும் காற்று திசை மாறுகிறது.

வடகிழக்குக் காற்று தென்சீனக் கடலின் பரந்த நீர்ப்பரப்பைக் கடந்து வருவதால், அலைகளை எழுப்பி, நீராவியைச் சுமந்து, கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூர் ஆகியவற்றின் கீழைக் கரையை நேரே தாக்குகிறது. மலாய் மக்கள் அம்மழைக்காலத்தைத் 'தெங்குஜூ' என்பர். ஆனால் அதே காற்று தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி மேலைக் கரையை அடையும்போது வலிமை குன்றிவிடுகிறது. அதனால்தான் பெர்ஹெந்தியான் தீவின் படகுகள் கரையேற்றப்பட்டிருக்கும் ஜனவரியில், லங்காவியின் வானம் தெளிந்து கடல் அமைதியாக விளங்குகிறது. ஒரு கரையின் கதவை அடைக்கும் காற்றே மறு கரையின் கதவைத் திறந்துவைக்கிறது.

இப்பருவ ஒழுங்கை மொழிகளும் பதிந்து வைத்துள்ளன. பருவம் எனப் பொருள்படும் 'மவ்சிம்' என்னும் அரபுச் சொல்லே மலாய் மொழியில் 'மூசிம்' ஆயிற்று. ஐரோப்பியர் வாயில் 'மான்சூன்' ஆயிற்று. மலாய் மக்கள் இந்தியா, அரபு நாடு முதலிய மேலை நாடுகளைக் 'காற்றின் மேல் நாடுகள்' என்றும், தம் நிலத்தைக் 'காற்றின் கீழ் நாடு' என்றும் வழங்கினர். உலகையே காற்றால் பகுத்த பார்வை அது. தமிழும் குறைந்ததன்று. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, மேற்கிலிருந்து வருவது கோடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல் எனத் திசைக்கொரு பெயர் வைத்தது நம் மொழி. காற்றை அறிந்து வாழ்ந்த மக்களுக்கே அத்தகைய சொற்கள் தேவைப்பட்டிருக்கும்.

காத்திருந்தோர் வரலாறு

பாய்மரக் காலத்தில் கடற்பயணம் என்பது பெரிதும் காத்திருத்தலே. சீனத் துறவி இ-சிங் 671ஆம் ஆண்டின் பதினோராம் மாதத்தில் குவாங்சோவிலிருந்து வடகிழக்குக் காற்றோடு புறப்பட்டு, இருபது நாள்களுக்குள் ஸ்ரீவிஜயத்தை அடைந்தார். அங்கே ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். பின்னர் மலாயு, கெடா எனப் படிப்படியாகச் சென்று, பன்னிரண்டாம் மாதத்தில் கெடாவிலிருந்து கப்பலேறி, 673இல் வங்கக் கரையிலிருந்த தாமிரலிப்தியை அடைந்தார். கடலில் கழிந்த நாள்களைவிடக் கரையில் காத்திருந்த மாதங்களே மிகுதி என்பதை இக்கணக்கே காட்டுகிறது. அவர் நின்று சென்ற கெடாவே நம் இலக்கியங்களும் சோழர் கல்வெட்டுகளும் கடாரம் எனப் போற்றிய நிலம்.

இன்று நாம் நீந்தி மகிழச் செல்லும் தீவுகளும் அக்காலத்தில் பயண வழியின் தங்குமிடங்களாகவே அறியப்பட்டன. 851ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட அரபுக் கடல்வழிக் குறிப்பு ஒன்று, சீனம் செல்லும் கப்பல்கள் நன்னீர் எடுக்கும் இடமாகத் 'தியூமா'வைச் சுட்டுகிறது. அதனைத் தியோமான் என்றே அறிஞர் பலர் கொள்கின்றனர். 'பெர்ஹெந்தியான்' என்னும் மலாய்ச் சொல்லின் பொருளே நிற்குமிடம் என்பதாகும். பெயரிலேயே வரலாற்றைச் சுமக்கும் தீவு அது.

காத்திருத்தல் நகரங்களையும் உருவாக்கிற்று. மேலைக் காற்றோடு வந்த தமிழரும் குசராத்தியரும், வடகிழக்குக் காற்றோடு வந்த சீனரும் சந்திக்கும் இடமாக மலாக்கா அமைந்தது. 1512 முதல் 1515 வரை அங்கே வாழ்ந்த போர்த்துக்கீசியர் தொமே பிரேஸ், சில பருவக்காற்றுகள் முடியவும் பிற தொடங்கவும் நடுவே நிற்கும் நகரம் என்று அதன் சிறப்பைக் கண்டார். சுல்தான்கள் காலத்து மலாக்காவில் வணிகர்களைக் கவனிக்க நான்கு துறைமுகத் தலைவர்கள் இருந்தனர். அவர்களுள் ஒருவரின் பொறுப்பில் தமிழ் வணிகர்கள் இருந்தனர்.

கீழ்நோக்கி வரத் தென்மேற்குக் காற்றும், ஊர் திரும்ப வடகிழக்குக் காற்றும் வேண்டும். இடையே மாதக்கணக்கில் தங்கியவர்கள் இங்கே வீடு கொண்டனர், இம்மண்ணின் பெண்களை மணந்தனர், கோயில் எழுப்பினர். மலாக்காச் செட்டிகள் எனப்படும் சமூகத்தார் அவ்வணிகர்களின் வழித்தோன்றல்களாகத் தம்மைக் கருதுகின்றனர். சுமத்திராவின் மேலைக் கரையிலுள்ள லோபு துவாவில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் 1088இல் தமிழ்க் கல்வெட்டு நாட்டியதும், அவர்கள் வந்து போகிறவர்களாக மட்டும் இருக்கவில்லை என்பதற்குச் சான்று. காற்று உடனே திரும்பியிருக்குமானால் நம் வரலாறு வேறாக அமைந்திருக்கும்.

தப்பிக் கரைசேர்ந்தவர்கள் நன்றி மறக்கவில்லை. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெரு அன்று கடலோரத் தெரு. அங்கே 1828க்கும் 1830க்கும் இடையே தென்னிந்திய முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் பெயரால் தர்கா எழுப்பினர். அதே தெருவில் சீனர் கடலன்னை மாசுவுக்குக் கோயில் எழுப்பினர். இரு சமூகங்களும் கடந்து வந்தது ஒரே அச்சத்தை.

காற்றை மறந்த காலம்

நீராவிக் கப்பல் வந்தபின் நிலை மாறியது. காற்று எத்திசையில் வீசினும் கப்பல் தன் அட்டவணைப்படி புறப்பட்டது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா, ஐயாயிரத்திற்கும் மேற்பட்டோரை ஏற்றவல்லதாய், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் எனப் பல்லாண்டுகள் ஓடிற்று. நம் தாத்தா பாட்டியர் பலர் அதன் மேல்தளத்தில் வந்தவர்களே. வாடைக் காலத்தில் அலைக்கழிந்த கதைகளை அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆயினும் காற்றுக்காக அவர்கள் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பின்னர் வானூர்தி வந்து, அலையின் நினைவையும் அகற்றிவிட்டது.

இதன் விளைவாக நம் விடுமுறையைப் பள்ளி நாட்காட்டியும் அலுவலக நாட்காட்டியும் வகுக்கின்றன. டிசம்பர் ஓய்விற்குரிய மாதம் என்று கருதுகிறோம். கீழைக் கரையிலோ அது கடல் சீறும் மாதம். 2001 டிசம்பர் 27ஆம் நாள், நிலநடுக்கோட்டிற்கு மிக அருகே எழுந்த வாமெய்ப் புயல் ஜொகூர்க் கரையைத் தாக்கியது. 2014 டிசம்பரில் கீழைக் கரை மாநிலங்களைச் சூழ்ந்த பெருவெள்ளத்தில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. நாம் உல்லாசத்தை எண்ணும் வாரங்களில் அக்கரை மக்கள் உயிரையும் உடைமையையும் காக்க முனைகின்றனர்.

இன்று தேர்வது எங்ஙனம்?

வரலாறு தரும் விடை எளியது. தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் ஆகியவற்றிற்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையே உரிய காலம். திரங்கானுக் கரைகளில் கடலாமைகள் முட்டையிட ஏறுவதும் பெரிதும் இம்மாதங்களிலேயே. சிங்கப்பூரின் ஜூன் விடுமுறை இதற்கு இயல்பாகவே பொருந்துகிறது. ஆண்டிறுதியில்தான் ஓய்வு கிட்டுமெனின் மேலைக் கரைக்குத் திரும்புக. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை லங்காவிக்கு மழை குறைந்த பருவம். செப்டம்பர், அக்டோபரில் அங்கே மழை மிகும்.

இவ்விதிக்கும் விலக்குகள் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் மலாக்கா நீரிணையைக் கடந்து திடீரெனப் பாயும் 'சுமத்திராக்கள்' என்னும் சூறைக்காற்றுகளைப் படகோட்டிகள் நன்கறிவர். வறண்ட ஆண்டுகளின் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை, 1997இலும் 2015இலும் கண்டதுபோல், காட்டுத்தீயின் புகைமூட்டம் வானை மறைக்கக்கூடும். ஆகவே பருவத்தை அறிந்தபின்னும் அன்றைய வானிலை அறிவிப்பைக் கேட்பதும், இன்று படகு செல்லாது என்று மெர்சிங்கிலோ கோலா பெசுட்டிலோ படகோட்டி கூறினால் அதனை ஏற்பதும் கடமையாகும். கட்டிய பணத்தைக் காட்டி அவரை நெருக்குவது அறமன்று. அவர் மறுப்பது, பல தலைமுறைகள் உயிர்விலை கொடுத்துக் கற்ற பாடத்தைச் சொல்வதாகும்.

விடுதிகள் அடைபட்ட மாதங்களை இழப்பாகக் கருத வேண்டியதில்லை. அம்மாதங்களில் படகு பழுது பார்க்கப்படுகிறது. பவளப்பாறைகள் மனிதர் கால்படாமல் ஓய்வு கொள்கின்றன. தீவினர் தம் குடும்பத்தாரோடு கரையில் இருக்கின்றனர். அவர்களுக்கும் அதுவே விடுமுறை.

நம் முன்னோர் காற்றுக்காகக் காத்திருந்ததால்தான் நாம் இங்கே இருக்கிறோம். அடுத்த முறை பிள்ளைகள் தீவின் பெயரைக் கூறும்போது, வரைபடத்தை விரிக்கும் முன் அவர்களிடம் ஒன்று கேட்போம்: இப்போது வீசுவது எக்காற்று? விடை அறிந்த பிள்ளை, தன் வரலாற்றின் ஒரு பக்கத்தையும் அறிந்ததாகும்.